முந்தல் இறங்கும் வரை

அந்த அம்மாவின் பெயரை நான் கடைசி வரைக்கும் கேட்டுக்கொள்ளவில்லை. ஜீப்புக்காரர்கள் ராசிங்காபுரத்தம்மா என்பார்கள். நான் வெறும் அம்மா என்றே கூப்பிட்டேன். என்னை அவர் அப்பு என்பார். கோபமாக இருந்தாலும் அப்புதான், சந்தோஷமாக இருந்தாலும் அப்புதான். குரலை வைத்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. அவரைக் கடைசியாகப் பார்த்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது.

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பக்கம் டீக்கடை, மறுபக்கம் செருப்புக்கடை, நடுவில் இரண்டு கையையும் விரித்தால் சுவர் இடிக்கிற அகலத்தில் என் கடை. சார்ஜர், ஹெட்செட், மெமரி கார்டு, பாட்டுப் பெட்டி விற்பேன். பழுதும் பார்ப்பேன். யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில்லை. திறந்து பார்த்துக் கெடுத்து, கெடுத்ததைச் சரி செய்யப் போய்க் கைக்கு வந்ததுதான்.

அவரை முதலில் பார்த்தது பக்கத்துச் செருப்புக்கடையில். ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று அவரும் கொடுத்தார். அம்மா அதைச் செருப்பின் மேல் ஊற்றினார். ஈரத்தோடு காலில் மாட்டிக்கொண்டு வாசல் சிமெண்டில் நான்கு குதி குதித்தார். ஐம்பது வயது இருக்கும்.

"என்னம்மா, ஓட்டப் பந்தயத்துக்கா போறீக?" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"ஏலத்தோட்டத்துக்குப் போறேன். அங்கன சறுக்கிவிட்டா ஒங்க கடைக்குள்ளயா வந்து விழுவேன்? இது எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

"ஒரு வருசம் உழைக்கும்."

"எந்தக் காலுக்கு?"

கடைக்காரர் முழித்தார். வியாபாரத்தில் முப்பது வருடம் இருந்தவருக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

"சரிவுல ஊனி நிக்கிறது எடது காலு. அது நாலு மாசத்துல தேஞ்சுரும். வலது அப்பிடியே கெடக்கும். நீங்க ஒரு வருசங்கிறது வலது காலுக்கு. எடதுக்குச் சொல்லுங்க."

இந்த மாதிரி பேச்சைக் கேட்டால் நான் வேலையை வைத்துவிட்டு நிற்கிற ஆள். அன்றைக்கும் கையில் ஒரு போனைத் திறந்து போட்டபடியே நின்றேன். திருகாணி ஒன்று உருண்டு எங்கேயோ போய்விட்டது.

அவர் எதிலும் விலையை முதலில் கேட்க மாட்டார். எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்றுதான் கேட்பார். சொன்னதையும் அப்படியே நம்ப மாட்டார், வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார். மழைக்காகிதம் வாங்கினால் அதில் தண்ணீர் கட்டி வைத்து ஒழுகுகிறதா என்று பார்ப்பார். ஜீப்பு டிரைவரிடம் டயர் இன்னும் எத்தனை ஏற்றம் தாங்கும் என்று கேட்டு, அந்த ஆள் எரிச்சலில் இருபது என்று சொல்ல, இருபது நாளும் இவர் எண்ணிக்கொண்டு வந்து, இருபத்தோராம் நாள் காலையில் வண்டியில் ஏறாமல் நின்றுகொண்டாராம். டிரைவர் டயரைக் காட்டிச் சத்தியம் செய்த பிறகுதான் ஏறினாராம்.

அந்த ஜீப்பு காலை ஐந்தரைக்கு ராசிங்காபுரத்தில் பெண்களை ஏற்றும். மலையடிவாரத்தில் இருக்கிற முந்தல் செக்போஸ்ட் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இறக்கும். நாள் முழுக்கச் செடியடியில் குனிந்து உட்கார்ந்து காய் எடுப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முந்தல் இறங்கி, ஐந்தரைக்குள் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஆறு மணிக்கு வீடு.

ஒரு நாள் அப்படி இறங்கி நேரே என் கடைக்கு வந்தார்.

"அப்பு, பாடுற பொட்டி ஒண்ணு வேணும்."

"எவ்வளவுல பாக்குறீங்கம்மா?"

"எம்புட்டு நேரம் பாடும்னு சொல்லு. மத்தது பொறகு."

இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று சின்னது. பின்னால் மூடி, மூடிக்குள் பழைய பட்டன் போனில் போடுகிற பேட்டரி. தீர்ந்தால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற சின்ன சுவிட்சு. இன்னொன்று பெரியது. முன்னால் வட்டமாக ஒரே பொத்தான், அப்பளம் மாதிரி; மேலே சத்தம் கூட்டிக் குறைக்கப் பத்து வரை எண் போட்ட திருகு. மூடி கிடையாது, பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டியிருப்பார்கள்.

அவர் பெரிய பொத்தானை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு இடது கைச் சுண்டுவிரலால் அமுக்கிப் பார்த்தார். பெட்டியைத் திருப்பி முதுகைத் தடவினார்.

"பேட்டரி செத்தா எங்கிட்டுத் தொறக்கிறது?"

"தொறக்க வேண்டியதே வராதும்மா. அஞ்சு வருசம் அசையாது."

"நீயும் டாக்டரு கணக்காத்தான் பேசுற."

டாக்டர் கதையை டீக்கடைக்காரர்தான் எனக்குப் பிறகு சொன்னார். அம்மாவின் வீட்டுக்காரர் ஏலக்காய் மூட்டை தூக்குகிற லோடுமேன். ஒரு நாள் மூட்டையோடு விழுந்தார், வலது பக்கம் முழுக்க வாதம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. மூன்று மாதத்தில் எழுந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் முடிந்த மறுநாள் இந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய், "முடிஞ்சிருச்சுங்க, இன்னும் எந்திரிக்கல" என்று நின்றிருக்கிறார். ஒரு தைரியத்துக்குச் சொன்னேன் என்றாராம் டாக்டர். "தைரியம் எங்கிட்ட இருக்குங்க. தேதி கேக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாராம்.

பெட்டி அந்த வீட்டுக்காரருக்குத்தான். ஒரே மகள் திருப்பூரில். அம்மா மலைக்குப் போனால் வீட்டில் அவர் மட்டும். பக்கத்து வீட்டுப் பெண் சாவி வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு வந்து கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆடு பார்க்கப் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இடது கை மட்டும் அசையும்.

"நான் முந்தல் எறங்கி வீடு வர்ற வரைக்கும் பாடணும். அஞ்சரைக்குப் போட்டா ஆறு மணி. இந்த ரெண்டுல எது பாடும்?"

பெரியது பாடும் என்றேன். "வச்சுக் காட்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் முழு சார்ஜ் போட்டு, காலையில் ஓடவிட்டு, எது எப்போது நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதையும் நான் பார்த்தால் போதாது.

"நீ விக்கிறவன். நீ சொல்ற மணி எனக்கு வேணாம். டீக்கடை அண்ணே பாத்துச் சொல்லட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை டீக்கடைக்காரர் சாகும் வரை மறக்க மாட்டார். "ஒரு பொட்டியில முருகன், ஒரு பொட்டியில குத்துப்பாட்டு. வடையக் கையில எடுத்தவன் கீழ வச்சுட்டு ஓடுறான்யா" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஆனாலும் ஒழுங்காக மணி பார்த்து வைத்தார். மூடி உள்ளது ஏழு மணி நேரத்தில் நின்றது. மூடி இல்லாதது பதினான்கு மணி நேரம் ஓடியது.

மறுநாள் அம்மா கடை வாசலில் நின்று வெகுநேரம் இரண்டையும் பார்த்தார். மூடி உள்ளது மதியம் நின்றுவிடும், வேறு பேட்டரி மாற்றப் படுத்திருக்கிறவரால் முடியாது, சுவிட்சும் தள்ள முடியாது. மூடி இல்லாதது நாள் முழுக்கப் பாடும், ஆனால் செத்தால் திறக்க முடியாது.

"இது நின்னுபோனா நீ மாத்திக் குடுப்பியா?"

"நான் இருக்கேன்ல, மாத்தித் தர்றேன்."

"சரி" என்றார். நான் சொன்ன வார்த்தையை மட்டும் வைத்து அவர் எடுத்துப் போன பொருள் அது ஒன்றுதான்.

பாட்டு ஏற்றுவதற்கு அவர் சொன்ன ஏற்பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. ஐந்தரைக்குச் சாமி பாட்டு. எட்டு மணிக்கு, இவர்கள் தோட்டத்தில் இறங்கும்போது, பழைய ஜோடிப் பாட்டு. பன்னிரண்டுக்குக் கஞ்சி குடிக்கையில் சினிமாக் காமெடி. ஒரு மணிக்கு வில்லுப்பாட்டு. மூன்று மணிக்குக் காய் எடை போடுவார்கள், அப்போது நாடகப் பாட்டு. ஐந்து மணிக்கு நையாண்டி மேளம்.

"மேளம் எதுக்கும்மா கடைசியில?"

"அப்ப நாங்க முந்தல் எறங்குவோம். மேளம் கேட்டா அவருக்குத் தெரியும்ல, வந்துட்டா சிறுக்கின்னு."

கடிகாரம் மாட்டினால் படுத்தவாக்கில் வீட்டுக்காரருக்குத் தெரியாதாம். அதனால் இந்த ஏற்பாடு. தாளில் நேரம் போட்டுப் பாட்டுகளை அடுக்கினேன். ஒரு தப்பு செய்தேன். இந்த மாதிரிப் பெட்டிகள் பெயர் வரிசையிலோ எண் வரிசையிலோ பாடாது, கார்டில் எது முதலில் ஏறியதோ அந்த வரிசையில்தான் பாடும். நான் ஜோடிப் பாட்டையும் வில்லுப்பாட்டையும் மறந்துவிட்டுக் கடைசியில் ஏற்றியிருந்தேன். மொத்தமும் இடம் மாறி, மேளம் பதினோரு மணிக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அம்மா பெட்டியோடு வந்தார்.

"அப்பு, பதினோரு மணிக்கே என்னைய முந்தல்ல எறக்கி விட்டுட்டியே."

மேளம் கேட்டதிலிருந்து வீட்டுக்காரர் கதவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி கொண்டுவந்தால் வாயைத் திறக்கவில்லை. இவர் வந்து ஊட்டட்டும் என்று இருந்திருக்கிறார். சாயங்காலம் இவர் போன பிறகுதான் குடித்தாராம். அம்மா இதைத் திட்டாகச் சொல்லவில்லை. குடை எங்கே ஒழுகுகிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னார். நான் கார்டை முழுக்க அழித்து, ஒவ்வொரு பாட்டாக ஏற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. அவரோடு மலையேறுகிற ஒரு பெண் ஹெட்செட் வாங்க வந்தபோது சொன்னாள்: "அந்தக்கா பக்கத்து நெரையில நின்னா மணி கேக்கவே வேணாம்ணே. நாடகப் பாட்ட முணுமுணுத்துச்சுன்னா எடைக்கு எந்திரிச்சிரலாம். தோட்டத்து மேஸ்திரி மலையாளத்தான், அவரே 'சேச்சி, இப்போ ஏது பாட்டா?'ன்னு கேட்டுட்டுத்தான் விசில் ஊதுவாரு."

"காமெடி நேரத்துல என்ன செய்வாங்க?"

"'இப்பச் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு'ன்னு சொல்லும். அது சிரிக்காது."

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அம்மா வந்தார்.

"அப்பு, மேளம் வர மாட்டேங்குது."

பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றேன். உள்ளே ஒட்டியிருக்கிற தட்டைப் பேட்டரி, அந்த அளவு போடியில் கிடைக்காது, மதுரையில்தான் வாங்க வேண்டும். வாங்கி வந்தால் பிரித்து மாற்ற ஒரு நாள். அதுவரை பக்கத்து வீட்டுப் பெண்ணை மதியம் கொஞ்ச நேரம் சார்ஜ் போடச் சொல்லலாமே என்றேன். சார்ஜ் ஏறுகிற நேரம் அது பாடாது, எடுத்துத் திரும்பப் போட்டால் முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும் என்பது எனக்கும் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"மதியானத்துல சாமி பாட்டு வந்தா விடிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சுக்குவாரு. ஒரே நாள்ல ரெண்டு தடவ என்னைய ஜீப்புல ஏத்தி அனுப்பணுமா அந்த மனுசன்?"

இரவலாக வேறொரு பெட்டி கொடுத்துப் பார்த்தேன். அதன் பொத்தான் வீட்டுக்காரர் விரலுக்கு அமுங்கவில்லை. மறுநாளே திரும்பி வந்தது.

"மதுரைக்குப் போறப்ப வாங்கியாந்துர்றேன்மா. அதுவரைக்கும் ஓடும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒரு மாசத்துக்குப் பயமில்ல" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

அந்த வாரம் மச்சினன் கல்யாணம். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் என்ன என்று யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. மதுரை ஒன்றும் மலைக்கு அந்தப் பக்கம் இல்லை, காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நான் போகவில்லை. நடுவில் ஒரு தடவை அம்மா வந்து, "இப்ப எடை போடுற நேரத்துக்கே நின்னுருது அப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. வராததால் நானும் மறந்தேன்.

அவர் வீட்டுக்காரர் இறந்த செய்தி ஜீப்பு டிரைவர் மூலம் டீக்கடைக்கு வந்து, டீக்கடையிலிருந்து எனக்கு வந்தது. அதற்கு மறுநாள் நான் மதுரைக்குப் போய் அந்தப் பேட்டரியை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் போனேன் என்று என் மனைவி கேட்டாள். கடைக்குச் சாமான் என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து அம்மா திரும்ப மலையேறத் தொடங்கிய அன்று சாயங்காலம் கடைக்கு வந்தார். பெட்டியை மழைக்காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். பிரித்து மேஜை மேல் வைத்தார்.

"பன்னண்டு மணிக்கு ரெண்டு வாய் குடிச்சிருக்காரு. அவ ஊட்டிட்டுப் போகையில பாடிக்கிட்டு இருந்துச்சாம். நான் போறப்ப நின்னுபோயிருந்துச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு. நர்சம்மா வந்து பாத்துட்டு, ரெண்டரை மூணு மணிக்குப் போயிருக்கும்னாங்க."

நான் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"முழுசாச் சார்ஜ் போட்டு, நாளைக்கு அஞ்சரைக்கு வச்சு விடு. எப்ப நிக்குதுன்னு பாத்துச் சொல்லு. சத்தம் எட்டுல வையி. அவரு எட்டுலதான் வைப்பாரு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இரண்டரை மூன்று மணிக்கு அது பாடிக்கொண்டிருந்ததா, இல்லை அந்த மனிதர் மணி தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரா என்பதுதான் அவருக்கு வேண்டியது.

மறுநாள் ஐந்தரைக்குக் கடையைத் திறந்து, எட்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்து என் கடை ஓரமாகப் போட்டு வைத்துக்கொண்டார், நடுநடுவே வந்து உட்கார. சாமி பாட்டு முடிந்தது. எட்டு மணிக்கு ஜோடிப் பாட்டு. ஆட்கள் வந்தார்கள், ரீசார்ஜ் செய்தார்கள், போனார்கள். பன்னிரண்டுக்குக் காமெடி ஆரம்பித்தது. பெட்டிக்குள் யார் யாரோ சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வில்லுப்பாட்டில், ஒரு ராஜா தன் மகளைக் கூப்பிடப் போகிற இடத்தில், பாதி அடியில் நின்றது. சிவப்பு விளக்கு இரண்டு தரம் சிமிட்டி அணைந்தது. மணி ஒன்றேகால். பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். அமுங்கியது, அவ்வளவுதான்.

டீக்கடைக்காரர், "மூணரைன்னு சொல்லிருவோம்" என்றார்.

"மூணுன்னு சொன்னா?"

"மூணு ரொம்ப ஓரமா இருக்கு மாப்ளே. மூணரைன்னா வில்லுப்பாட்டு கேட்டுக்கிட்டே போயிருப்பாரு."

யோசித்துப் பார்த்து நானும் சரி என்றேன்.

சாயங்காலம் ஜீப்பு வந்தது. அம்மா இறங்கி ரோட்டைக் கடந்து வந்தார். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்ப நின்னுச்சு?" என்றார்.

"மூணரைம்மா" என்றார் டீக்கடைக்காரர், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே. "நாந்தேன் பாத்தேன்."

அம்மா என்னைப் பார்த்தார்.

"மூணரை" என்றேன்.

அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். முதுகைத் தடவினார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவரு போறதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம நான் வீட்டுல இருந்தேன்ல. அன்னைக்கு வச்சுப் பாத்தேன். வில்லுப்பாட்டுல பாதியில நின்னுருச்சு. ஒண்ணேகாலு."

டீக்கடைக்காரர் கையில் வைத்திருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒங்க கையில மூணரை வரைக்கும் ஓடியிருக்கு" என்றார் அம்மா. "சரி. மூணரையே இருக்கட்டும்."

மேஜை இழுப்பறையைத் திறந்து மதுரைப் பேட்டரியை எடுத்தேன். "புதுசு இருக்கும்மா. நாளைக்கே மாத்தித் தந்துர்றேன்."

"யாருக்கு?" என்றார்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேட்டரியைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

அவர் பெட்டியை மழைக்காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீக்கடை பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு டீ போடுங்க."

டீ வந்தது. ராசிங்காபுரம் பஸ்சும் வந்து நின்றது. கண்டக்டர் இவரைத் தெரிந்தவர். படியில் நின்றபடி, "ஆத்தா, வெரசா வாங்க, எடுத்துருவேன்" என்று கூப்பிட்டார். அம்மா போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ் போனது. அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.